நிலத்துக்கு இட்ட மதிப்பெண்

சிகாகோ என்ற பெயர் நம்மவர் செவிக்குப் புதியதன்று. சென்னை அன்பர்கள் திரட்டிக் கொடுத்த பொருளோடு கப்பலேறிய விவேகானந்தர், 1893-ஆம் ஆண்டில் சர்வசமய மாநாட்டில் பேசிப் புகழ் பெற்ற நகரம் அது. அந்த ஆண்டு அந்நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியை ஒட்டியே அம்மாநாடும் கூடிற்று. பொருட்காட்சி மைதானத்துக்கு அருகே, ஹைட் பார்க் என்னும் வட்டாரத்தில், அதற்கு முந்திய ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு புதிய பல்கலைக் கழகம் வகுப்புக்களைத் தொடங்கியிருந்தது. எண்ணெய் மன்னர் ராக்பெல்லரின் பொருளுதவியால் எழுந்த சிகாகோப் பல்கலைக் கழகமே அது. விவேகானந்தரின் சிகாகோவைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இன்று இந்தப் பல்கலைக் கழகத்தின் சிகாகோவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நிலம், மனை, வீடு ஆகியவற்றின் விலை எவ்வாறு கல்லூரிப் பாடமாயிற்று என்பதும், அப்பாடம் ஒரு மாநகரின் பேட்டைகளை என்ன செய்தது என்பதும், பாழ்பட்ட பேட்டைகளைப் புதுப்பிக்கப் பிறகு கல்விக் கூடங்கள் என்ன செய்தன என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

பரீட்சைத் தாளில் மதிப்பெண் இடுவது மாணவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். நிலத்துக்கும் மதிப்பெண் உண்டு. அதற்கு விலை என்று பெயர். 1833-ஆம் ஆண்டில் சிகாகோ ஏறத்தாழ 350 பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர். ஏரிக்கரைச் சேற்றில் சில மரவீடுகள் நின்றன. 1930-ஆம் ஆண்டில் அதன் மக்கள் தொகை 33 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு நூற்றாண்டுக்குள் இவ்வளவு பெரிய வளர்ச்சியைக் கண்ட ஊரில், நிலத்தை வாங்கி விற்றுப் பெருஞ்செல்வர் ஆனவர்களும் உண்டு, ஓட்டாண்டி ஆனவர்களும் உண்டு. இடையே நின்று கமிஷன் பெற்றவர்கள் மனைத் தரகர்கள். அவர்களை மக்கள் அவ்வளவாக நம்பவில்லை. சதுப்பு நிலத்தைச் சோலையென்று சொல்லி விற்றவர்கள் சிலர் இருந்ததால், பழி எல்லோர் மேலும் விழுந்தது. மருத்துவரைப் போலவும் வழக்கறிஞரைப் போலவும் தாங்களும் மதிக்கப்பட வேண்டும் என்று தரகர்கள் விரும்பினார்கள். 1908-இல் சிகாகோவில் கூடித் தங்களுக்கென ஒரு தேசிய சங்கம் அமைத்துக் கொண்டார்கள். ஆயினும் சங்கம் மட்டும் இருந்தால் மதிப்பு வந்துவிடுமா? மருத்துவருக்குப் பின்னால் மருத்துவ நூல் இருக்கிறது, வழக்கறிஞருக்குப் பின்னால் சட்ட நூல் இருக்கிறது. தரகருக்குப் பின்னால் எந்த நூல் இருக்கிறது?

அந்த நூலை எழுதித் தரப் பல்கலைக் கழகம் முன்வந்தது. விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ரிச்சர்டு ஈலி என்ற பொருளியல் பேராசிரியர் இருந்தார். அமெரிக்கப் பொருளியலின் முதற் தலைமுறை ஆசான்களுள் ஒருவர். 1920-ஆம் ஆண்டில் அவர் நிலப் பொருளாதார ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். 'எல்லாவற்றுக்கும் அடியில் நிலம்' என்பதே அக்கழகத்தின் கொள்கை வாக்கியம். 1925-இல் அக்கழகம் சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்துக்கு இடம் மாறிற்று. அவ்வாண்டிலேயே அதன் ஆராய்ச்சி இதழும் தொடங்கிற்று. அவ்விதழின் வழி இன்றும் அறுபடவில்லை. ஈலியின் மேற்பார்வையில் நில மதிப்பீடு, மனை வணிகம், நகர நில உபயோகம் ஆகியவை பற்றிப் பாடநூல்கள் வெளிவந்தன. எர்னஸ்ட் பிஷர் 1923-இலும், பிரெடரிக் பாப்காக் 1924-இலும் எழுதிய நூல்கள் அந்த வரிசையைச் சேர்ந்தவை. இவ்விரு பெயர்களையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

இம்முயற்சியில் நன்மை இல்லாமலில்லை. கண்ணால் பார்த்து வாயால் விலை சொன்ன இடத்தில் கணக்கும் பதிவும் வந்தன. வாடகை எவ்வளவு, வரி எவ்வளவு, கட்டடம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்கும் வழக்கம் பிறந்தது. ஆனால் வேறொன்றும் உடன் வந்தது. தரகர் சங்கம் 1924-இல் தன் ஒழுக்க விதிகளைத் திருத்திய போது, ஒரு வட்டாரத்தின் சொத்து மதிப்பைக் குறைக்கக்கூடிய இனத்தவரையோ நாட்டினரையோ அவ்வட்டாரத்தினுள் குடியேற்றத் தரகர் துணை போகலாகாது என்று ஒரு விதியைச் சேர்த்தது. கறுப்பருக்கு வீடு விற்றவர் ஒழுக்கம் தவறியவர் ஆனார்! யார் வந்தால் மதிப்புக் குறையும், ஏன் குறையும் என்று அவ்விதி ஆராயவில்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்று எடுத்துக் கொண்டது. இத்தகைய 'உண்மைகள்' நம் ஊர்த் தெருக்களுக்கும் புதியவை அல்ல.

உண்மையில் அது எல்லோருக்கும் தெரிந்த உண்மைதானா? இந்தக் கேள்விக்கு முன்னரே ஒரு விடை கிடைத்திருந்தது. தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வடக்கே வந்த காலம் அது. 1910-இல் சிகாகோவில் 44 ஆயிரமாக இருந்த அவர்கள் தொகை, 1930-இல் 2 லட்சத்து 34 ஆயிரம் ஆயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் நகரின் தென்பகுதியில் ஒரு குறுகிய நீண்ட பட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தனர். 1919-ஆம் ஆண்டுக் கோடையில் மூண்ட இனக் கலவரத்தில் 38 பேர் மாண்டனர். அதை ஆராய அமைந்த குழுவின் அறிக்கை 1922-இல் வெளிவந்தது. அதைத் தயாரிப்பதில் பெரும்பங்கு கொண்டவர் சார்லஸ் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர். சிகாகோப் பல்கலைக் கழகச் சமூகவியல் மாணவர். கறுப்பர் குடிபுகுந்த வீடுகளில் பல, அவர்கள் வருமுன்பே பழமையாலும் சுற்றுப்புறச் சீர்கேட்டாலும் விலை இறங்கியவை என்பதை அவ்வறிக்கை எடுத்துக் காட்டிற்று. செல்வர் கைவிட்ட வீடுதான் ஏழைக்குக் கிடைக்கிறது. விலை இறங்கியதனால் அவன் வந்தானேயன்றி, அவன் வந்ததனால் விலை இறங்கவில்லை. காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக் கொள்ளலாகாது என்பது தர்க்கத்தின் முதற் பாடம். மனை வணிகப் பாடநூல்கள் அந்த முதற் பாடத்தைப் படிக்கவில்லை.

இவ்விடத்தில் ஹோமர் ஹாய்ட் என்பவர் கதைக்குள் வருகிறார். சட்டமும் பொருளியலும் கற்றவர். 1920-களில் சிகாகோவில் மனை வணிகத்தில் இறங்கினார். அது நில மோகம் தலைக்கேறியிருந்த காலம். நகரின் நில மதிப்பு 1926-இல் உச்சத்தைத் தொட்டது. பிறகு வந்த பெரும் மந்தத்தில், 1933-க்குள், பாதிக்கும் கீழே சரிந்தது. கைப்பொருளை அந்த வீழ்ச்சியில் இழந்த ஹாய்ட், நிலம் ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று ஆராயப் புகுந்தார். பட்டுத் தெளிவது என்பார்களே, அதுதான். நூறாண்டுக் காலத்து விற்பனைப் பதிவுகளையும் செய்தித்தாள்களையும் மதிப்பீட்டுக் கணக்குகளையும் தேடி எடுத்தார். சிகாகோவின் 211 சதுர மைல் நிலப்பரப்பின் விலை வரலாற்றை ஒரே நூலாக்கிப் பல்கலைக் கழகத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரையாகக் கொடுத்தார். 'சிகாகோவின் நில மதிப்பு: நூறு ஆண்டுகள்' என்னும் பொருளுடைய அந்நூல் 1933-இல் அச்சேறிற்று.

அதை அரிய நூல் என்றே சொல்ல வேண்டும். நில விலை ஏதோ தெய்வச் செயலாக ஏறி இறங்குவதன்று, ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்கு ஒருமுறை அலைபோல எழுந்து விழுகிறது என்று அவர் காட்டினார். மக்கள் வரவு கூடுகிறது, வாடகை ஏறுகிறது, கட்டடம் எழுகிறது, கடன் எளிதாகக் கிடைக்கிறது, மனைகள் அளவுக்கு மீறிப் பிரிக்கப்படுகின்றன, பிறகு ஒருநாள் வாங்குவார் இல்லை. இவ்வரிசையை அவர் விளக்கியிருப்பது இன்று படித்தாலும் புதுமையாகவே இருக்கிறது. வேறெந்த நகருக்கும் அத்தகைய வரலாறு அதுவரை எழுதப்படவில்லை.

அந்த நூலுக்குள்ளேதான் ஒரு பட்டியலும் இருக்கிறது. நில மதிப்புக்கு நன்மை செய்பவர் தொடங்கித் தீமை செய்பவர் வரை, குடியேறிய இனத்தவரை வரிசைப்படுத்திய பட்டியல். முதலிடம் ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் ஸ்காட்லாந்தியருக்கும் ஐரிஷ்காரருக்கும் ஸ்காண்டிநேவியருக்கும். அடுத்து வட இத்தாலியர். பிறகு செக்கர், போலந்தினர், லிதுவேனியர், கிரேக்கர், ருஷ்ய யூதர், தென் இத்தாலியர். கடைசிக்கு முந்திய இடம் கறுப்பருக்கு. கடைசி இடம் மெக்சிகோக்காரருக்கு. இப்பட்டியல் ஹாய்ட் கணக்கிட்டுக் கண்டதன்று. ஒரு மனைத் தரகர் சொல்லக் கேட்டு எழுதியது. நூறாண்டுப் பதிவுகளை ஒன்றுவிடாமல் புரட்டிய மனிதர், இந்த ஓரிடத்தில் மட்டும் வாய்ச்சொல்லை ஏற்றுக் கொண்டார். இன இயல்பு பற்றிய விஞ்ஞானமாக இது தவறாக இருக்கலாம்; ஆயினும் நில விலையில் பிரதிபலிக்கும் ஒரு கருத்தை, ஒரு வெறுப்பை, இது பதிவு செய்கிறது என்று எச்சரிக்கையும் எழுதி வைத்தார். அந்த எச்சரிக்கைக்காக நாம் அவருக்குச் சிறிது நன்றி சொல்லலாம். ஆனால் பட்டியல் சென்ற இடத்துக்கெல்லாம் எச்சரிக்கை உடன் செல்லவில்லை.

பட்டியல் எங்கே சென்றது? மறு ஆண்டே, 1934-இல், அமெரிக்க அரசாங்கம் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் என்ற ஓர் அமைப்பை ஏற்படுத்திற்று. சாமானியரும் சொந்த வீடு வாங்க வகை செய்வது அதன் நோக்கம். அதற்கு முன் வீட்டுக் கடன் பெறுவது எளிதன்று. வீட்டு விலையில் பாதியளவுதான் வங்கி கொடுக்கும், அதையும் சில ஆண்டுகளுக்குள் திருப்பித் தர வேண்டும். இப்போது அரசாங்கம் கடனுக்குக் காப்புறுதி தந்தது. விலையில் நூற்றுக்கு 80 பங்கு வரை கடன். 20 ஆண்டுத் தவணை. கோடிக்கணக்கான குடும்பங்களைச் சொந்த வீட்டுக்காரர் ஆக்கிய ஏற்பாடு இது. ஆனால் எந்த வீட்டுக்குக் காப்புறுதி கொடுப்பது, எந்த வீட்டுக்கு மறுப்பது? அதைச் சொல்ல நிபுணர் வேண்டுமே! மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் மனை வணிகம் கற்பித்து வந்த பிஷர் அழைக்கப்பட்டார். பாப்காக் அழைக்கப்பட்டார், கடன் மதிப்பீட்டுக் கையேடு அவர் பொறுப்பில் உருவாயிற்று. ஹாய்டும் அழைக்கப்பட்டு வீட்டுவசதிப் பொருளியல் நிபுணரானார். வகுப்பறையில் பிறந்த பாடம் அரசாங்கத்தின் விதியாயிற்று. ஒரு வட்டாரம் நிலைத்த மதிப்புடன் இருக்க வேண்டுமானால் அதில் ஒரே சமூக நிலையும் ஒரே இனமும் உடையவர்களே வாழ வேண்டும் என்றது 1938-ஆம் ஆண்டுக் கையேடு. மாற்றினத்தாருக்கு விற்பதில்லை என்று விற்பனைப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவது நல்லது என்றும் அது பரிந்துரைத்தது. இதே காலத்தில் அரசாங்கத்தின் வேறொரு கடன் நிறுவனம் நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் தீட்டிற்று: பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் அபாயம். கறுப்பர் வாழ்ந்த பேட்டைகள் பெரும்பாலும் சிவப்பாயின.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பேட்டை நலிந்துவிடும் என்று நிபுணர் சொல்கிறார்; ஆகவே அதற்குக் கடன் இல்லை. கடன் இல்லாததால் கூரை ஒழுகினாலும் மாற்ற முடியவில்லை, வீட்டை விற்கவும் முடியவில்லை. சில ஆண்டுகளில் பேட்டை நலிந்து விடுகிறது. நிபுணர் சொன்னது பலித்துவிட்டது என்று பாடநூலில் சேர்த்துக் கொள்கிறார்கள். மதிப்பெண் குறைவாகப் போட்டு, அதைக் காரணம் காட்டிப் புத்தகத்தையும் பிடுங்கிக் கொண்டு, மறுபடி பரீட்சை வைப்பது போன்றது இது.

பத்திர நிபந்தனைகளின் கொடுமை என்ன என்பதை ஒரு குடும்பத்தின் கதை சொல்லும். சிகாகோப் பல்கலைக் கழகத்துக்குத் தென்மேற்கே வாஷிங்டன் பார்க் என்ற மனைப் பிரிவில், ரோட்ஸ் அவென்யூவில், 1937-இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின வணிகர் ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். வெள்ளையர் கூட்டம் வீட்டைச் சூழ்ந்து கல்லெறிந்தது. அவருடைய மகள் லோரெயின் அப்பொழுது ஏழு வயதுச் சிறுமி. பத்திர நிபந்தனையைக் காட்டி அக்குடும்பத்தை வெளியேற்ற வழக்கும் தொடரப்பட்டது. இந்நிபந்தனைகளைக் காத்து நின்ற சொத்துடையோர் சங்கங்களுக்குப் பல்கலைக் கழகம் பொருளுதவி செய்து வந்தது. அதைக் குறித்துக் கண்டனம் எழுந்தபோது, சொத்துடையோருக்கு அத்தகைய உடன்படிக்கைகளைச் செய்துகொள்ளவும் காத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்றே பல்கலைக் கழகத் தலைவர் ராபர்ட் ஹச்சின்ஸ் பதிலளித்தார். 1940-இல் உச்ச நீதிமன்றத்தில் ஹான்ஸ்பெரி வென்றார். ஆயினும் அது ஒரு சட்ட நுணுக்கத்தால் கிடைத்த வெற்றி. நிபந்தனைகள் செல்லும் என்ற நிலை மாறவில்லை.

அதே ஹச்சின்ஸைப் பற்றி வேறொரு செய்தியும் உண்டு. அது நமக்கு நெருங்கியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோப் பல்கலைக் கழகத்தின் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அந்நிலையம் நகரத்திலிருந்து நெடுந்தொலைவில், விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்தது. அவர் சிகாகோவுக்கு வந்து வகுப்பு நடத்துவது பற்றிய பேச்சு எழுந்தபோது, அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி ஒரு துறைத் தலைவர் தடை சொன்னார். செய்தி ஹச்சின்ஸிடம் சென்றது. சந்திரசேகர் தாராளமாகக் கற்பிக்கட்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். வகுப்பறைக் கதவை ஒரு தமிழருக்குத் திறந்துவிட்ட அதே கை, அடுத்த தெருவின் வீட்டுக் கதவைக் கறுப்பருக்குச் சாத்தியவர்களைத் தடுக்கவில்லை. ஹச்சின்ஸ் தீயவர் அல்லர். கல்விச் சீர்திருத்தத்தில் பெரும் பெயர் பெற்றவர். அறிவுக்கு இன வேறுபாடு இல்லை என்பதை அவர் நம்பினார். மனைக்கு உண்டு என்று நிபுணர்கள் சொன்னதையும் மறுக்காமல் விட்டார்.

இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று 1948-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடைபட்டிருந்த மக்கள் பட்டையை விட்டு வெளியே வந்தார்கள். ஆனால் வங்கிக் கடன் இன்னும் அவர்களுக்கு இல்லை. அந்த இடைவெளியில் ஒரு புதுவகை வியாபாரி தோன்றினான். கறுப்பர் வருகிறார்கள் என்று வெள்ளையரை அச்சுறுத்தி வீட்டை மலிவாக வாங்குவான். அதையே ஏறத்தாழ இருமடங்கு விலைக்குக் கறுப்பர் குடும்பத்துக்குத் தவணை ஒப்பந்தத்தில் விற்பான். கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் அவன் கையிலேயே இருக்கும். ஒரு மாதத் தவணை தவறினால் வீடும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று. தவணை கட்டுவதற்காக வீட்டைக் கூறு கூறாக்கி வாடகைக்கு விட்டவர்களும், பழுது பார்க்காமல் விட்டவர்களும் உண்டு. அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்து, 'பாருங்கள், இவர்கள் வந்தால் வீடு பாழாகிறது' என்றார்கள்.

பல்கலைக் கழகம் இருந்த ஹைட் பார்க்கும் தளர்ந்தது. வெள்ளையர் வெளியேறத் தொடங்கினர், பழைய வீடுகள் பிளவுபட்டன, மாணவர் எண்ணிக்கை குறைந்தது. ஊரை விட்டே போய்விடலாமா என்ற பேச்சும் அடிபட்டது. முதலில் எழுந்தவர்கள் குடியிருப்போர். 1949-இல் வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாகக் கூடி ஹைட் பார்க்-கென்வுட் சமூக மாநாடு என்ற சங்கத்தை அமைத்தனர். தெருவுக்குத் தெரு குழு அமைத்து, யாரும் பதறி வீட்டை விற்க வேண்டாம், குப்பையை அகற்றுவோம், சட்டவிரோதமாக வீட்டைக் கூறு போடுவோரைத் தடுப்போம் என்று பாடுபட்டனர். இதுவே நகரப் புதுப்பிப்பின் சிறந்த பாடம் என்பது என் கருத்து. ஆனால் பணமும் அதிகாரமும் வேறிடத்தில் இருந்தன. 1952-இல் பல்கலைக் கழகம் முன்னின்று தென்கிழக்குச் சிகாகோ ஆணையத்தை நிறுவிற்று. ஜூலியன் லீவை என்ற வழக்கறிஞர் அதை நடத்தினார். கூட்டரசின் 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் கொடுத்த மானியமும், பல்கலைக் கழகத்தின் பணமும், நகராட்சியின் நில ஆர்ஜித அதிகாரமும் ஒன்று சேர்ந்தன. 1958-இல் நகரமன்றம் ஹைட் பார்க் புதுப்பிப்புத் திட்டத்துக்கு இசைந்தது. கடைகளும் மதுக்கூடங்களும் இசைக் கூடங்களும் நெருங்கி நின்ற 55-ஆம் தெரு பெரும்பகுதி இடிக்கப்பட்டது. தெருவின் நடுவே ஐ. எம். பெய் வரைந்த அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. 1947-இல் தொடங்கிய நகரத் திட்டக் கல்வித் துறையைப் பல்கலைக் கழகம் 1956-இல், இந்த வேலை மும்முரமாக நடந்த காலத்திலேயே, மூடிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திட்டம் வென்றதா? ஹைட் பார்க் பிழைத்தது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்து வாழும் வட்டாரமாக நின்றது; அமெரிக்காவில் அது அரிது. ஆனால் இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த ஏழைகள், பெரும்பாலும் கறுப்பர், திரும்பி வந்து குடியேறும் வாடகைக்கு அங்கே வீடு இல்லை. இந்தக் குறையை ஜான் ஈகன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அக்காலத்திலேயே வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். தெற்கே உட்லான் வட்டாரத்தில் பல்கலைக் கழகம் 1960-இல் நிலம் கேட்டபோது, ஹைட் பார்க்கைக் கண்டிருந்த மக்கள் விழித்துக் கொண்டார்கள். ஆர்தர் பிரேசியர் என்ற போதகரும், அப்பல்கலைக் கழகத்திலேயே சமூகவியல் படித்த சால் அலின்ஸ்கியும் அவர்களைத் திரட்டினார்கள். இறுதியில் 61-ஆம் தெருவுக்குத் தெற்கே விரிவதில்லை என்று பல்கலைக் கழகம் உடன்பட்டது.

இதற்கிடையில் பழைய பட்டியலைச் சோதித்துப் பார்க்கும் துணிவு வேறு கல்விக் கூடங்களில் பிறந்தது. லூய்கி லாரெண்டி என்ற பொருளியலார் சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்டு, பிலடெல்பியா நகரங்களில் நடந்த ஏறத்தாழ 10,000 வீட்டு விற்பனைகளை எடுத்து ஆராய்ந்தார். கறுப்பர் குடிபுகுந்த பேட்டைகளையும், மற்ற எல்லாவற்றிலும் அவற்றை ஒத்த வெள்ளையர் பேட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். 1960-இல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு 44 ஒப்பீடுகளில் கறுப்பர் வந்த பேட்டையில் விலை கூடுதலாக ஏறியிருந்தது. 41-இல் வேறுபாடு இல்லை. 15-இல் மட்டுமே குறைந்திருந்தது. ஹாய்ட் ஒரு தரகரிடம் கேட்டு எழுதியதை லாரெண்டி விற்பனைப் பதிவில் தேடினார். அது அங்கே இல்லை. ஆயினும் அச்சேறிய தவறு எளிதில் அழிவதில்லை. ஹாய்டின் பட்டியல் மதிப்பீட்டுக் கையேடுகளில் பல ஆண்டுகள் மறுபதிப்பாகிக் கொண்டிருந்தது. 1968-இல் வீட்டு விற்பனையில் இன வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பின்னரும் பாடநூல்கள் திருந்தாததால், அரசாங்கமே 1976-இல் மதிப்பீட்டாளர் சங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு சமரசத்தில், இனத்தை வைத்து மதிப்பிடும் பாடத்தை நீக்கச் சங்கம் ஒப்புக் கொண்டது. ஒரு பட்டியலைப் புத்தகத்திலிருந்து எடுக்க 44 ஆண்டுகள்!

பேட்டைகளுக்குக் கடன் திரும்ப வழி செய்ததில் பேராசிரியர்களைவிடக் குடியிருப்போரே முந்தினர். சிகாகோவின் ஆஸ்டின் வட்டாரத்தில் ஆறு பிள்ளைகளின் தாயான கேல் சின்காட்டா, எந்த வங்கி எந்தத் தெருவுக்குக் கடன் தந்தது என்ற கணக்கைக் கேட்டார். அந்தக் கணக்கை வெளியிடச் செய்யும் சட்டம் 1975-இல் வந்தது. வைப்புப் பணம் திரட்டும் வட்டாரங்களுக்குக் கடன் கொடுக்கவும் வங்கிகள் கடமைப்பட்டவை என்னும் சட்டம் 1977-இல் வந்தது. வடக்கு லாண்டேல் பேட்டையில் தவணை ஒப்பந்தத்தில் வீடு வாங்கிய குடும்பங்கள் 1968-இல் சங்கம் கூடித் தவணை கட்ட மறுத்துப் போராடின. சில நூறு ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டன. நீதிமன்ற வழக்குகள் தோற்றன.

அவர்கள் இழந்தது எவ்வளவு என்று வெகுகாலம் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக் கழகமும் சிகாகோவின் கல்விக் கூடங்களும் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு ஒன்று பழைய பத்திரங்களையும் ஒப்பந்தங்களையும் எடுத்துக் கூட்டிற்று. ஹாய்டைப் போலவே, ஆனால் இம்முறை வாய்ச்சொல்லை விட்டுப் பதிவுகளை மட்டும் கொண்டு. 1950-களிலும் 60-களிலும் சிகாகோவில் கறுப்பருக்கு விற்கப்பட்ட வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாதவை தவணை ஒப்பந்தத்தில் விற்கப்பட்டவை என்றும், அவ்வகையில் அக்குடும்பங்கள் இழந்தது 2019-ஆம் ஆண்டின் மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என்றும் அக்குழு கணித்தது.

ஹான்ஸ்பெரியின் மகள் லோரெயின் வளர்ந்து, வெள்ளையர் தெருவில் வீடு வாங்க முயலும் ஒரு கறுப்பர் குடும்பத்தைப் பற்றி நாடகம் எழுதினார். 1959-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அது மேடையேறிற்று. கல்லெறியப்பட்ட ரோட்ஸ் அவென்யூ வீட்டை, 2010-ஆம் ஆண்டில், சிகாகோ நகரமன்றம் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது.